மறதி நோயுற்ற முதியோருக்கு வயலிலும் தோட்டத்திலும் ஏற்ற வேலை

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டுப் பகுதியில் நாச்சியாபுரம் முதலிய கிராமங்களின் நிலம் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையுமாகும். கண்மாய்ப் பாசனமும் மானாவாரியுமே இங்குப் பிரதானம். இத்தகைய பூமியில் ஐம்பது அறுபது வருஷம் பாடுபட்டவருக்கு மழையின் குறியையும் மண்ணின் பதத்தையும் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஒருவர், எழுபது வயதைக் கடந்தபின், தம் சொந்த வயலுக்குச் சென்று வீடு திரும்பும் வழி தெரியாமல் கண்மாய்க் கரையில் திகைத்து நிற்பதும், வழிப்போக்கர் எவரேனும் கண்டு கைப்பிடித்து அழைத்து வருவதும் எந்தக் கிராமத்திலும் நேரக்கூடியவையே. இரண்டு முறை இவ்வாறு நடந்துவிட்டால் மூன்றாம் முறைக்கு வீட்டார் இடங்கொடுப்பதில்லை. கதவு தாழிடப்படுகிறது, மண்வெட்டி ஒளித்து வைக்கப்படுகிறது, முகப்பில் ஒரு நாற்காலி போடப்படுகிறது.

அதன்பின் நிகழ்வதை வீட்டிலுள்ள பெண்மக்களே நன்கு அறிவர். பகலெல்லாம் நாற்காலியில் தூங்கிய முதியவர் இரவில் தூங்குவதில்லை. விடியற்காலம் நான்கு மணிக்கு எழுந்து கதவை இழுக்கிறார், தடுத்தவரைத் திட்டுகிறார். அவர் ஓடிப்போக முயல்வதாக வீட்டார் எண்ணுகின்றனர். உண்மையில் அவர் வேலைக்குப் புறப்படுகிறார். அறுபது வருஷமாக அந்நேரத்தில் எழுந்து மாட்டுக்குத் தீனி போட்டு வயலுக்குப் போனவருக்கு, இன்று எந்தக் கிழமை என்பது மறந்துபோயினும், நான்கு மணி என்பது மறக்கவில்லை. அவருக்கு வேண்டுவது பூட்டிய கதவும் அன்று, திறந்த கதவும் அன்று. துணையோடு கூடிய வேலை வேண்டும். இக்கருத்தை அடிப்படையாகக் கொண்டு பல தேசங்களில் விவசாயப் பண்ணைகளையே இந்நோயாளிகளின் பகற்பொழுதுப் பராமரிப்புக்கு இடமாக்கியிருக்கிறார்கள். இதனைச் சமூக வேளாண்மை என்றும், அத்தகைய பண்ணைகளைப் பராமரிப்புப் பண்ணைகள் என்றும் சொல்வது வழக்கம். இம்முறையில் நம் குடியானவர்கள் கைக்கொள்ளத் தக்கவை யாவை என்பது இங்கு விளக்கப்படுகிறது.

நோயின் தன்மை

முதுமையில் சாமானை வைத்த இடம் மறப்பது எல்லோருக்கும் உள்ளதே. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் அதனினும் வேறானது. சாவி வைத்த இடத்தை மறப்பது முதுமை. சாவி எதற்கு உபயோகப்படுவது என்பதையே மறப்பது நோய். மூளையின் அணுக்கள் படிப்படியாக அழிவதால் ஞாபகம், பேச்சு, கணக்கு, வழியறிதல், காரியங்களை முன்பின்னாக ஒழுங்குபடுத்தும் திறமை ஆகியவை ஒவ்வொன்றாகக் குறைகின்றன. இதற்குக் காரணமான வியாதிகள் பல. அவற்றுள் அதிகமாகக் காணப்படுவது அல்ஸைமர் நோய். அல்ஸைமர் என்னும் ஜெர்மன் வைத்தியர் 1906-ம் வருஷத்தில் இதனை முதன்முதல் வைத்தியர் சபையில் எடுத்துரைத்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் கெடுவதனாலும் மறதி நோய் வரும்.

இது பட்டணத்தாருக்கும் படித்தவருக்கும் வரும் வியாதி என்று கிராமங்களில் ஓர் எண்ணம் உண்டு. அது தவறு. இந்திய முதியோரிடையே நடத்தப்பெற்று 2023-ம் வருஷத்தில் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. பட்டணங்களைவிடக் கிராமங்களிலும், ஆண்களைவிடப் பெண்களிடத்தும் இது அதிகமாயிருந்தது. கிராமத்தில் இதற்கு நோய் என்று பெயரிடாமல் ‘வயசாகிவிட்டது’ என்று விட்டுவிடுவதே வழக்கமாதலால், கணக்கில் வராதிருந்தது மாத்திரமே உண்மை.

இந்நோயில் விவசாயிகள் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. மனிதனுடைய ஞாபகம் ஒரே குதிரில் கொட்டிவைத்த நெல்லைப் போன்றதன்று. நேற்று யார் வந்தார்கள், காலையில் என்ன உண்டோம் என்பவற்றைப் பதியவைக்கும் பகுதி மூளையில் ஓரிடத்தில் இருக்கிறது. அல்ஸைமர் நோய் முதலில் தாக்குவது பெரும்பாலும் அதனையே. ஆனால் கை பழகிய தொழில், அதாவது பிரி முறுக்குவதும், முறத்தில் புடைப்பதும், பாத்தி அணைப்பதும், மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தவை. அவை நோயின் முற்பகுதியிலும் நடுப்பகுதியிலும் பெரிதும் கெடாமல் இருக்கின்றன. ஆகையால் பேரனின் பெயர் தெரியாத பாட்டி ஒரு முறம் நெல்லைக் கொடுத்தால் பதரை ஒரு பக்கமும் மணியை ஒரு பக்கமுமாகப் பிரித்துவிடுகிறாள். எப்படிச் செய்தாய் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. கேட்காமல் முறத்தைக் கொடுப்பதே நலம்.

பிற தேசத்து அநுபவம்

இத்துறையில் முன்நிற்பது நெதர்லாந்து தேசம். அங்கே 1998-ம் வருஷத்தில் சுமார் 75 பராமரிப்புப் பண்ணைகளே இருந்தன. 2009-க்குள் அவை ஆயிரத்தைத் தாண்டின. இவற்றுள் பல, குடும்பத்தார் தலைமுறையாகப் பயிரிட்டும் மாடு வளர்த்தும் வரும் சாதாரணப் பண்ணைகளே. மறதி நோயுற்ற முதியோர் காலையில் வந்து மாலையில் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் கோழிகளுக்குத் தீனியிடுகிறார்கள், முட்டை பொறுக்குகிறார்கள், தோட்டத்தில் களையெடுக்கிறார்கள், சருகு கூட்டுகிறார்கள், பகலுணவுக்குக் காய் நறுக்குகிறார்கள். பின்பு எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி அமர்ந்து உண்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு இவ்வளவு என்று பண்ணைக்காரருக்குப் பொதுப் பணத்திலிருந்து கட்டணம் கிடைக்கிறது. சிறு பண்ணைகள் வருமானம் போதாமல் தத்தளித்த காலத்தில் இக்கட்டணம் அவற்றுக்கு ஒரு பற்றுக்கோடாயிற்று என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தருமத்தினால் மாத்திரம் இவ்வளவு பண்ணைகள் தோன்றியிரா.

நோயாளிகளுக்கு இதனால் விளைந்த நன்மையையும் அங்கே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். வழக்கமான பகற்பொழுது விடுதிகளுக்குச் செல்வோரைவிடப் பண்ணைக்குச் செல்வோர் அதிக நேரம் நடமாடுகிறார்கள், வெளியிலிருக்கிறார்கள், பலவகைக் காரியங்களில் ஈடுபடுகிறார்கள் என்பது தெரியவந்தது. மற்றொரு முடிவு இங்குள்ள வீட்டுப் பெண்களின் கவனத்தைக் கவரக்கூடியது: பண்ணைக்குச் செல்வோர் உணவும் நன்றாக உட்கொண்டார்கள். மறதி நோயாளிகள் உண்ண மறுத்து மெலிந்து போவது எங்கும் உள்ள தொல்லை. வெயிலில் நடந்து, தாமே பறித்த கீரையைப் பலரோடு இருந்து உண்பவனுக்குப் பசி உண்டாவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆயினும் நோயின் போக்கு பண்ணையினால் தடைப்பட்டதாக அவ்வாராய்ச்சிகள் கூறவில்லை. குளிப்பது, உடுப்பது போன்ற சொந்தக் காரியங்களைச் செய்யும் திறமை இரு சாராரிடத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரியாகவே குறைந்து வந்தது. வயல்வேலை இந்நோய்க்கு மருந்தன்று என்பதைக் குடும்பத்தார் முதலிலேயே மனத்தில் கொண்டால் பிற்பாடு ஏமாற்றம் இராது. மிஞ்சியிருக்கும் நாட்கள் நாற்காலியில் கழிவதா, மனிதனுக்குரிய நாட்களாகக் கழிவதா என்பதே இங்குள்ள கேள்வி.

ஐரோப்பியப் பண்ணையைவிட நம் நாட்டுக்கு நெருக்கமான உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. நெல் விளையும் தேசமாகையால் அங்குள்ள வைத்தியர் சிலர், அறிவுத்திறன் குன்றிய முதியோரை நெல் வயலில் இறக்கி நடவு முதல் அறுவடை வரை வேலைகளில் ஈடுபடுத்திப் பார்த்து 2018-ம் வருஷத்தில் அதனை வெளியிட்டார்கள். அது சிலரை மாத்திரமே வைத்துச் செய்த சிறு பரிசோதனை. அதைக்கொண்டு பெரிய முடிவுகளுக்கு வருதல் கூடாது. இருந்தாலும், இளமையில் நாற்று நட்டவருக்கு நாற்றைக் கையில் கொடுப்பதே பொருத்தம் என்னும் எண்ணம் தஞ்சைக்கும் சிவகங்கைக்கும் உடனே விளங்கக்கூடியது. நெதர்லாந்தில் கோழியும் ஆடும் செய்யும் காரியத்தை இங்கே நெல்லும் கடலையும் பசுவும் செய்யும்.

எவ்வேலைகளைத் தேர்ந்தெடுப்பது

முதல் விதி, நோயாளி இளமையில் என்ன செய்தாரோ அதனையே கொடுப்பதாகும். வாழ்நாள் முழுவதும் பெட்டகசாலையில் கணக்கு எழுதியவருக்குக் களைக்கொட்டைக் கொடுப்பதில் பயன் குறைவு. அவர் மூட்டைகளை எண்ணட்டும், எண்ணிக்கை தவறினாலும் தவறட்டும். பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்கப் போய்த் திரும்பிய குடும்பங்கள் நிறைந்த இப்பகுதியில் இந்த வேறுபாட்டைக் கவனித்தல் அவசியம். உழவருக்கு உழவு, மாடு மேய்த்தவருக்கு மாடு, நடவு நட்டவளுக்கு நாற்று, பூக்கட்டியவளுக்குப் பூ.

இரண்டாவது, வேலை உண்மையானதாக இருக்கவேண்டும். கிழவரை ஓரிடத்தில் இருத்துவதற்காக உமியையும் கல்லையும் கலந்துகொடுத்துப் பொறுக்கச் சொல்வதும், பொறுக்கி முடித்ததும் அவர் கண்முன்னேயே மீண்டும் கலந்து வைப்பதும் சில வீடுகளில் உண்டு. ஞாபகம் போனாலும் அவமானம் உறைப்பது போவதில்லை. அவர் பொறுக்கியது விதைக் கடலையாக இருக்கட்டும், அது விதைக்கப்படட்டும். பறித்த கீரை அன்றைய குழம்பில் சேரட்டும். இலையில் வைக்கும்போது, ‘ஐயா பறித்த கீரை’ என்று மகன் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

பருவத்தை ஒட்டி வேலைகளைப் பார்த்தால் இப்பகுதியில் வருஷம் முழுவதற்கும் ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். ஆடியில் மானாவாரிக் கடலை விதைப்புக்குமுன் காயை உடைத்து, சுருங்கிய பருப்பை நீக்கி நல்ல விதையைப் பொறுக்குவது உட்கார்ந்து செய்யும் சிறந்த வேலை. விரல்களுக்குப் பயிற்சி, கண்ணுக்குத் தேர்வு, பக்கத்தில் நாலு பேர் பேச்சு ஆகிய மூன்றும் இதில் ஒருங்கே உள்ளன. புரட்டாசியில் புழுதி விதைப்புக் காலத்தில் முதியவர் வரப்பில் வந்து நின்றாலே போதும். ஒருபிடி மண்ணை எடுத்து அவர் கையில் கொடுத்து, ‘ஐயா, பதம் சரிதானா?’ என்று கேட்டுப் பார்க்கலாம். அநேகம் முறை சரியான விடையே வரும். தவறாக வந்தாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் களையெடுப்பு. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு: நெல்லையும் நெல்லைப் போன்ற புல்லையும் பிரித்தறிவது நல்ல கண்ணுள்ளவருக்கே கடினம், நோயாளி பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார். ஆகையால் அவருக்கென்று வரப்பிலும் பாத்தி ஓரத்திலும் உள்ள புல்லை விடுவது தக்கது. தை, மாசியில் அறுவடையும் களத்து வேலையும். கதிர் பொறுக்குதல், தூற்றிய நெல்லைக் கூட்டிக் குவித்தல், வைக்கோலில் பிரி முறுக்குதல் ஆகியவை கையரிவாள் இல்லாமல் செய்யக்கூடியவை. பங்குனி, சித்திரையில் புளியம்பழத்தின் ஓட்டை உடைத்து நீக்கலாம். தென்னை ஓலையிலிருந்து ஈர்க்கு உரிக்கலாம். மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளும் வேலையை மாத்திரம் கொடுத்தல் ஆகாது. கை எரிவது தெரியாமல் கண்ணைத் தேய்த்துக்கொள்வார்.

பெண்களின் நிலை சற்று வேறு. ஆணுக்கு வயல் மறுக்கப்பட்டால் வேலை முழுவதும் போய்விடுகிறது. பெண்ணுக்கோ அடுப்பு மறுக்கப்பட்டாலும் முறமும் அம்மியும் வாசலும் மிஞ்சுகின்றன. அவற்றையும் ‘அப்பத்தா, நீங்கள் சும்மா இருங்கள்’ என்று அன்பினாலேயே பறித்துவிடுகிறார்கள். அவசரமாய்ச் சமைக்கும் மருமகளுக்கு இது நேரத்தை மிச்சப்படுத்துவதாகத் தோன்றும். பிற்பகலில் அப்பத்தாள் வீட்டிலுள்ள பெட்டிகளையெல்லாம் திறந்து துணிகளை வெளியே இழுத்துப் போடும்போதுதான் மிச்சம் எங்கே போயிற்று என்பது தெரியும். ஒரு படி அவரைக்காயைக் கொடுத்து உரிக்கச் சொல்வதும், பின்கட்டுத் தோட்டத்தில் இரண்டு பாத்தி அரைக்கீரையை அவளுடையது என்று விட்டுவிடுவதும் இதற்குப் பரிகாரம்.

கீரைப் பாத்தியைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். இந்நோயாளிகளுக்கு இதைவிடத் தகுந்த பயிர் இல்லை. தண்டுக்கீரையும் அரைக்கீரையும் விதைத்த சில நாட்களில் முளைத்துவிடும். மூன்று, நான்கு வாரத்தில் பறிக்கலாம். விதைத்ததை மறந்துபோகுமுன் பச்சையாகத் தெரிவது பெரிய அநுகூலம். ஒரே பாத்தியில் மூன்று நாள் தொடர்ந்து விதைத்துவிட்டாரென்றாலும் கெடுதி இல்லை. நெருக்கமாக முளைத்ததை இளங்கீரையாகப் பிடுங்கிவிடலாம். நீர் அதிகமாக ஊற்றிவிட்டாலும் செம்மண் தாங்கிக்கொள்ளும். பாத்தியைத் தரையிலிருந்து போதிய உயரத்தில் செங்கல் அடுக்கி மண் நிரப்பி அமைத்தால் குனிய முடியாதவரும் நின்றபடியே வேலை செய்யலாம். இடிந்த வீடுகளின் செங்கல் இப்பகுதியில் எளிதில் கிடைக்கும். வேப்பிலை, துளசி, கருவேப்பிலை, மரிக்கொழுந்து முதலிய மணமுள்ளவற்றைப் பாத்தி ஓரத்தில் வைப்பது, பேச்சு குறைந்துபோனவருக்கும் ஒரு பேச்சாகும்.

அபாயங்கள்

வயல் இன்பமான இடமே; அபாயமான இடமும் அதுவே. வீட்டார் கதவைத் தாழிடுவதற்கு நியாயம் இல்லாமலில்லை. ஆகவே முதலில் இடத்தைச் சரிசெய்துவிட்டே நோயாளியை அழைத்துச் செல்லவேண்டும்.

கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு எல்லாவற்றிலும் கொடியது. இடுப்பளவுச் சுவர் எழுப்புவதோ மேலே கம்பி வலை போடுவதோ முடியாவிட்டால், அக்கிணறு உள்ள தோட்டத்தை இக்காரியத்துக்கு உபயோகிக்கவே கூடாது. அடுத்தது பூச்சிமருந்து. நோயாளிக்கு எழுத்து வாசிக்கும் திறன் இருந்தாலும் பாட்டிலின் மேல் உள்ள மண்டையோட்டுப் படத்தின் கருத்து புலப்படாது போகலாம்; சர்பத்துப் பாட்டிலில் ஊற்றிவைத்த மருந்தைச் சர்பத்தென்றே குடித்துவிடுவார். பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் எலிமருந்தும் பூட்டிய பெட்டிக்குள் இருக்கவேண்டும். சாவி சட்டைப் பையில் இருக்கவேண்டும். மருந்து தெளித்த வயலுக்கு அவரை அழைத்துச் செல்லலாகாது. அரளி, ஊமத்தை, செங்காந்தள், ஆமணக்கு ஆகியவற்றை அவர் நடமாடும் இடத்திலிருந்து அகற்றிவிடவேண்டும். மோட்டார் கொட்டகைக்குப் பூட்டு அவசியம். பசுவும் கன்றும் ஆகும், காளை ஆகாது. பல வருஷம் காளை பூட்டி உழுதவர் அதனிடம் போகவே துடிப்பார். நுகத்தடியையும் சாட்டைக்கம்பையும் கையில் கொடுத்து எண்ணெய் பூசச் சொன்னால் அத்துடிப்பு ஒருவாறு தணியும்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. காலை ஆறு முதல் ஒன்பதரை வரையும், மாலை நான்கு முதல் ஐந்தரை வரையும் போதும். காலை வெயில் கண்ணில் படுவது உடலின் கடிகாரத்தைத் திருத்தி இரவுத் தூக்கத்துக்கு உதவுகிறது. இதுவே வெளியில் அழைத்துப் போவதற்கு ஒரு தனிக் காரணம். இந்நோயாளிகளுக்குத் தாகம் தோன்றினாலும் கேட்கத் தெரியாதாகையால், அரைமணிக்கொரு முறை நீரோ மோரோ கேட்காமலே கையில் கொடுக்கவேண்டும். பொழுது சாய்வதற்குமுன் வீடு திரும்பிவிட வேண்டும். அந்திநேரத்தில் இவர்களுக்குக் கலக்கம் அதிகரிப்பது இந்நோயின் இயல்பு. பாம்புக்கும் அதுவே நேரம்.

வழி தவறுவதற்கு ஒரு நல்ல உபாயம், பாதையை வளையமாக அமைப்பதாகும். வீட்டின் பின்கட்டிலிருந்து புறப்பட்டு, பாத்திகளைச் சுற்றி, மாட்டுக் கொட்டிலைத் தாண்டி, மீண்டும் பின்கட்டிலேயே முடியும் ஒரே பாதை இருந்தால் எத்தனை முறை நடந்தாலும் வீடு வந்து சேரும். முட்டுச்சந்தாக முடியும் பாதையில் நோயாளி நின்று திகைத்துக் கோபங்கொள்வார். சுற்றிலும் வேலி வேண்டும். ஆனால் அது வேலியாகத் தெரியக்கூடாது. பூட்டிய இரும்புக் கதவு அவரை இழுக்கும். ஆடாதொடையும் நொச்சியும் அடர்ந்த உயிர்வேலியைத் தாண்டும் எண்ணம் எளிதில் தோன்றாது. இவ்வளவும் செய்தபின்னும், வீட்டு விலாசமும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை ஒன்று சட்டைப் பையிலோ இடுப்பு முடிச்சிலோ எப்பொழுதும் இருக்கவேண்டும்.

பேசும் முறை

‘இதைச் செய்யுங்கள்’ என்று ஏவினால் மறுப்பார். ‘இதைக் கொஞ்சம் பிடியுங்களேன்’ என்று உதவி கேட்டால் செய்வார். ஒரு சமயத்தில் ஒரு காரியத்தைத்தான் சொல்லவேண்டும். கூடையை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்ச் சாணத்தை அள்ளி எருக்குழியில் போடுங்கள் என்று மகன் ஒரே மூச்சில் சொன்னால், கூடையோடு அவர் நின்றுவிடுவார். கூடையைக் கையில் கொடுத்து, உடன் நடந்து, முதல் பிடியைத் தானே அள்ளிக் காட்டினால் மற்றவை தாமே நடக்கும்.

எப்பொழுதோ விற்றுப்போன மாடுகளை அவர் தேடுவார். ‘மாடுகள் போய் இருபது வருஷமாயிற்று’ என்று உண்மையைச் சொல்வது ஒவ்வொரு முறையும் அவருக்குப் புதிய செய்தியாகவே விழும். ஒவ்வொரு முறையும் அவர் அதற்காக வருந்துவார். ‘மயிலைக் காளையா, செவலைக் காளையா, எது நன்றாக இழுக்கும்?’ என்று கேட்டுவிட்டால் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருப்பார். இதனைப் பொய் என்று கருதி மனம் கூசுவோர் உண்டு. கேள்வி கேட்பதில் பொய் ஒன்றுமில்லை.

அவர் செய்த வேலை கோணலாக இருந்தால் அவர் எதிரில் திருத்தக் கூடாது. கோணலான வரப்பு நீரைத் தடுக்கவில்லையென்றால் அது கோணலாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

யார் செய்வது

இதுவரை கூறியவை ஒரு வீட்டில் ஒரு நோயாளியைக் கருதியவை. ஆனால் செட்டிநாட்டின் நிலைமை யாதெனில், பெரிய வீடுகளில் பல பூட்டிக்கிடக்கின்றன. எஞ்சியவற்றில் முதியோர் தனித்திருக்கின்றனர். மக்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கின்றனர். முதியவரை நோக்கிக்கொள்ளும் பொறுப்பு, அவரைப் போலவே வயதான மனைவியின் மேலோ கூலிக்கு அமர்த்திய ஒருவரின் மேலோ விழுகிறது. இப்படிப்பட்ட ஊரில் கிணற்றுக்குச் சுவரும் சுற்றிலும் வேலியும் உள்ள ஒரு தோட்டத்தில், நாலைந்து முதியோர் வாரத்தில் மூன்று நாள் காலைப்பொழுதில் கூடுவார்களாயின், அவர்களைவிட அவர்களுடைய வீட்டாருக்கே முதலில் மூச்சு வரும். அம்மூன்று காலைகளில்தான் அவ்வீட்டுப் பெண்கள் ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகமுடியும். அல்லது சற்றுத் தூங்கலாம்.

நெதர்லாந்தில் போலப் பண்ணைக்காரருக்குப் பொதுப் பணத்திலிருந்து கட்டணம் கொடுக்கும் ஏற்பாடு இங்கு இல்லை. ஆகையால் குடும்பங்கள் தமக்குள் பகிர்ந்துகொள்வதே வழி. வெளியூரிலிருந்து பணம் அனுப்பும் மக்கள், அப்பணத்தில் ஒரு பகுதியைத் தோட்டக்காரருக்கும் உடனிருந்து பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கும் கொடுப்பது நியாயம். நாலு நோயாளிகளுக்கு இரண்டு பேராவது துணை வேண்டும். ஒருவர் ஒருவரைத் தேடிப் போனால் மற்றவர்களிடம் ஓர் ஆள் இருக்கவேண்டுமல்லவா? குன்றக்குடியில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் விதை, பாத்தி, உயிர்வேலி முதலிய விஷயங்களில் ஆலோசனை கேட்பதற்கு அருகில் இருக்கிறது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்வது கடமையாகும். சென்ற நூற்றாண்டுகளில் மனநோய் ஆஸ்பத்திரிகளும் தோட்டங்களும் வயல்களும் வைத்து நோயாளிகளைக் கொண்டு பயிரிட்டதுண்டு. வேலை நோயாளிக்கு நல்லது என்று தொடங்கியது, ஆஸ்பத்திரியின் சமையல் செலவுக்கு நல்லது என்று முடிந்த இடங்கள் பல. அதனாலேயே இந்தியாவின் 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல நிலையங்களில் ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கலாகாது என்றும், வேலை செய்தால் தகுந்த ஊதியம் தரவேண்டும் என்றும் விதித்திருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு இச்சட்டம் நேரே பொருந்தாவிடினும் அதன் கருத்து பொருந்தும். முதியவர் வேலை செய்ய மறுத்து மரத்தடியில் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு அதுவே அவர் வேலை. விளைச்சலைக் கணக்கிட்டு அவரை ஓட்டுபவர் இக்காரியத்துக்கு ஏற்றவரல்லர்.

தொடங்குமுன்

எல்லாவற்றுக்கும் முன்னதாக வைத்தியரிடம் காட்டவேண்டும். மறதி என்று தோன்றுவதெல்லாம் மறதி நோயன்று. தைராய்டு சுரப்பி குறைந்தாலும், பி12 என்னும் சத்து குறைந்தாலும், மனச்சோர்வினாலும், சில மருந்துகளினாலும், தலையில் அடிபட்டு இரத்தம் உறைந்ததனாலும் இதே குறிகள் தோன்றலாம். இவற்றுள் பல சிகிச்சையினால் தீரக்கூடியவை. அவற்றைத் தீர்க்காமல் கீரைப் பாத்தி போட்டுக்கொண்டிருப்பது பிழை. காது கேளாமையும் கண் புரையும் கலக்கத்தை இருமடங்காக்குபவை, அவற்றையும் பார்த்துவிடவேண்டும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு 2021-ம் வருஷத்தில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி வீட்டுக்கு வரும் ஊழியர்களிடம் மறதியைப் பற்றியும் சொல்லலாம். முதியோர் சம்பந்தமான உதவிக்கு 14567 என்னும் தொலைபேசி எண் உண்டு.

வேலை தொடங்கிய பின்னும் நோய் வளரும் என்பதை எதிர்பார்த்திருக்கவேண்டும். இவ்வருஷம் பாத்தி கட்டியவர் அடுத்த வருஷம் நீர் மாத்திரம் ஊற்றுவார். அதற்கடுத்த வருஷம் பிறர் ஊற்றுவதைப் பார்த்திருப்பார். வேலையை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டே வருவதுதான் முறை. ஒரே நாளில் நிறுத்திவிடுவது முறையன்று. கடைசிக் காலத்தில் பேச்சும் நடையும் ஒழிந்தபின்னும் கட்டிலைக் கொட்டிலுக்கு எதிரே காலை வெயிலில் போட்டு, கன்று அவர் கையை நக்கும்படி விடலாம்.

முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அவர் எழுந்து கதவை இழுக்கும் நேரம் பார்த்து, அவருடைய பழைய துண்டையும் மண்வெட்டிக்குப் பதிலாக ஒரு சிறு களைக்கொட்டையும் எடுத்துக்கொண்டு, ‘வாருங்கள் ஐயா, நேரமாகிவிட்டது’ என்று மகனோ பேரனோ கதவைத் திறந்துகொண்டு முன்னே நடப்பது போதும்.